விரல் ரேகை தேய்ந்தால் என்ன, முகம் இருக்கிறதே!

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரும்போடு பழகிய கையில் ரேகை எங்கே மிஞ்சும்? நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போனால் கைரேகைக் கருவி என்னை ஏற்காது.

இப்போது வேலை வீட்டிலேயே முடிகிறது. வாத்தியார், பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி. மத்திய அரசின் டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் திட்டமான 'ஜீவன் பிரமாண்' 2014இல் வந்தது. முகத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வசதி 2021இல் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி என இரண்டு செயலிகள் வேண்டும். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு விவரங்களைப் பதிந்து, நல்ல வெளிச்சத்தில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். சான்றிதழுக்கான பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

பேத்தி போனைப் பிடுங்க மாட்டாள். "நீங்களே அமுக்குங்க தாத்தா, நான் பக்கத்துலதானே இருக்கேன்" என்பாள். சொல்லிக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அவளே செய்து முடித்துவிட்டால் அடுத்த வருஷமும் அவள் வரும்வரை நான் காத்திருக்க வேண்டியதுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் அவள் கறார். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும்.

ஜீவன் பிரமாண் செயலியில் ஒருவர் இயக்குபவராகப் பதிந்துகொண்டால், அதே போனில் மற்றவர்களுக்கும் சான்றிதழ் எடுக்கலாம். போன நவம்பரில் பணிமனைக் கூட்டாளிகளுக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.