டிவி கார்டு கெட்டுப் போச்சா? தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம்!



அதிராம்பட்டினத்தில் இருக்கும் மாமி வீட்டிலிருந்து ஒருமுறை போன் வந்தது. அடிக்கடி வைரஸ் தொல்லை என்று கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு 10.04 போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது, டிவி மட்டும் வரவில்லை. அந்த வீட்டில் தனி டிவி கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ட்யூனர் கார்டில் கேபிள் வயரைச் செருகித்தான் பார்ப்பார்கள். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கார்டு போச்சு, புதுசு வாங்குங்க. இல்லன்னா பழையபடி விண்டோஸே போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டாராம்.

நான் போய்ப் பார்த்தேன். கார்டு நன்றாகவே இருந்தது. அதற்கான டிரைவரும் லினக்ஸில் ஏற்கனவே இருந்தது. அப்படியானால் கோளாறு எங்கே?

பெயர் தெரியாத கார்டு

நம் கடைகளில் மலிவாகக் கிடைத்த கார்டுகள் பலவற்றில் ஒரே சில்லுதான் இருந்தது. பெரும்பாலும் பிலிப்ஸின் எஸ்ஏஏ7130 அல்லது எஸ்ஏஏ7134. ஆனால் அந்தச் சில்லைச் சுற்றி ட்யூனரையும் ஒலியையும் இணைத்திருக்கும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தரமான கார்டில் 'நான் இன்ன கார்டு' என்று சொல்லும் ஒரு சிறு நினைவகம் இருக்கும். செலவைக் குறைக்க மலிவுக் கார்டில் அதை விட்டுவிட்டார்கள்.

லேபிள் இல்லாத விதைநெல் மூட்டை மாதிரிதான் இது. பார்த்தால் நெல் என்று தெரியும். குறுவைக்கான ஏ.டி.டி. 43-ஆ, சம்பாவுக்கான சி.ஆர். 1009-ஆ என்று தெரியாது. விண்டோஸுக்கு கார்டோடு வந்த சிடி அதைச் சொல்லிவிடும். லினக்ஸுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

கீழே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

1. முதலில் 'எல்-எஸ்-பி-சி-ஐ' என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் பிலிப்ஸ் எஸ்ஏஏ7130 என்று இருந்தால் கார்டுக்கு உயிர் இருக்கிறது. இல்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து வேறு ஸ்லாட்டில் செருகுங்கள். நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் அந்தப் பற்களில் அழுக்கு ஏறிவிடும்.

2. அடுத்து 'டி-எம்-இ-எஸ்-ஜி'. நீளமாக ஓடும். அதில் எஸ்ஏஏ7134 என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். (7130 சில்லுக்கும் இதே டிரைவர்தான்.) 'அன்னோன்/ஜெனரிக், கார்ட்=0' என்று இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. கார்டை லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை.

3. பெட்டியைத் திறந்து, கேபிள் செருகும் தகர டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள ட்யூனர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னலோடு வரும் ஆவணங்களில் 'கார்ட்லிஸ்ட்' என்ற பட்டியல்கள் உண்டு. அதில் கார்ட் 3 என்றால் ஃப்ளைவீடியோ 2000, ட்யூனர் 5 என்றால் பிலிப்ஸ் பால்-பிஜி, ட்யூனர் 38 என்றால் எஃப்எம்1216எம்இ.

4. டிவி பார்க்கும் மென்பொருளை மூடிவிட்டு, 'சுடோ மோட்ப்ரோப் -ஆர் எஸ்ஏஏ7134' என்று டிரைவரை இறக்குங்கள். பிறகு 'சுடோ மோட்ப்ரோப் எஸ்ஏஏ7134 கார்ட்=3 ட்யூனர்=5' என்று உங்கள் எண்களோடு ஏற்றுங்கள். 'பயன்பாட்டில் உள்ளது' என்று இறங்க மறுத்தால், எஸ்ஏஏ7134_அல்சா என்ற ஒலி டிரைவரை முதலில் இறக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்காதீர்கள். ஓர் எண் சரிவராவிட்டால் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

5. இனி டிவிடைமில் நார்ம் 'பால்', அலைவரிசைப் பட்டியல் 'யூரோப்' என்று வைத்து சேனல்களைத் தேடுங்கள். இது என்டிஎஸ்சி என்று இருந்தால் கார்டு சரியாக இருந்தும் படம் கலங்கலாகத்தான் வரும்.

6. படம் வந்து சத்தம் வரவில்லையா? 7130 சில்லு ஒலியை கம்ப்யூட்டருக்குள் அனுப்பாது. கார்டின் ஆடியோ அவுட்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன்-இன்னுக்கு ஒரு சிறு வயர் போட வேண்டும். 'அல்சாமிக்ஸர்' திறந்து 'லைன்' பகுதியின் மியூட்டை எடுத்து அளவைக் கூட்டுங்கள்.

எல்லாம் சரியானதும், 'ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134 கார்ட்=3 ட்யூனர்=5' என்ற வரியை இடிசி-க்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாமி வீட்டில் ஒரு மணி நேரத்தில் படமும் சத்தமும் வந்துவிட்டன. செலவு, அந்த ஆடியோ வயருக்கு மட்டும்தான்.

நாம் செய்ய வேண்டியது

இந்த டிரைவரை முதலில் எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ட் நார். பின்னர் லினக்ஸின் டிவி, வீடியோ டிரைவர்களைக் கவனித்து வந்தவர் பிரேசில் நாட்டு மௌரோ கார்வல்யோ செகாப். நம்மூர்க் கடையில் என்ன கார்டு விற்றது என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்தக் கார்ட்லிஸ்ட் வளர்ந்ததே, கார்டை வாங்கியவர்கள் சில்லின் எண்ணையும் ட்யூனர் எண்ணையும் எழுதி அனுப்பியதால்தான்.

ஆகவே உங்கள் கார்டு எந்த எண்ணில் ஓடியது என்று கண்டுபிடித்தால், உங்களோடு வைத்துக்கொள்ளாமல் அவர்களுக்கும் தெரிவியுங்கள். குறைந்தபட்சம் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டர் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் "கார்டு போச்சு" என்று சொல்ல மாட்டார்.