நோட்ஸை மூடு மச்சி... நெட்டுக்குப்பத்தைப் பாரு!

செமஸ்டர் டைம்டேபிளை நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. கேன்டீன்ல கூட்டம் குறைஞ்சு, ஜெராக்ஸ் கடையில க்யூ நீண்டாச்சு. பிசிக்ஸோ, கெமிஸ்ட்ரியோ, ஜுவாலஜியோ... மேஜர் எதுவா இருந்தாலும் உங்ககிட்ட இப்போ இருக்கறது மூணே ஐட்டம்தான். ஃபர்ஸ்ட் பெஞ்ச் பார்ட்டிகிட்ட கெஞ்சி வாங்கின நோட்ஸ், ஒரு மஞ்சள் ஹைலைட்டர், வயித்துல கரையற புளி!

ராத்திரி பூரா படிப்பீங்க. வரிக்கு வரி மஞ்சள் பூசுவீங்க. நலங்கு வெச்ச கல்யாணப் பொண்ணு மாதிரி நோட்டு ஜொலிக்கும். மறுநாள் ஹால்ல கேள்வித்தாளைப் பார்த்தா, ‘எங்கேயோ பார்த்த முகமா இருக்கே’ன்னு தோணும். ஆனா, பேரு மட்டும் ஞாபகத்துக்கு வரவே வராது!

காரணம் சிம்பிள். பார்த்தா அடையாளம் தெரியறது வேற, பார்க்காம எடுத்துச் சொல்றது வேற. நாம பழகறது முதல் வித்தையை. பரீட்சையில கேட்கறது ரெண்டாவது வித்தையை.

‘சும்மா அடிச்சு விடாதீங்க’ன்னு சொல்றவங்களுக்கு ஒரு ஆதாரம். 2006-ல அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துல இருக்கற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ரோடிகர், கார்பிக்கே என்ற ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டாங்க. மாணவர்களுக்குக் கொடுத்த பாடம் சூரியன், கடல் நீர்நாய் பற்றின சின்னச் சின்ன அறிவியல் கட்டுரைகள். ஒரு குரூப் திரும்பத் திரும்பப் படிச்சது. இன்னொரு குரூப் ஒரு ரவுண்டு படிச்சுட்டு, அடுத்த மூணு ரவுண்டும் பார்க்காம ஞாபகத்துலயிருந்து எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்போ ஜெயிச்சது படிச்ச குரூப்தான். 83-க்கு 71 சதவிகிதம். ஒரு வாரம் கழிச்சு வெச்சப்போ கதை தலைகீழ்! படிச்ச குரூப் 40, எழுதிப் பார்த்த குரூப் 61.

இதுல இருக்கு சூட்சுமம். சுருக்கி எழுதறதுன்னா பெரிய நோட்டைப் பார்த்து சின்ன நோட்டு காப்பி அடிக்கறது இல்லை. நோட்டை மூடிட்டு உங்க வாயால, உங்க கையால வெளியே எடுக்கறது.

பைண்டிங் கடைப் பையனும் துறைமுக கிளார்க்கும்

லண்டன்ல ஒரு கொல்லரோட மகன். பேரு மைக்கேல் ஃபாரடே. வேலை, புத்தக பைண்டிங். 1812-ல கடைக்கு வந்த ஒரு கஸ்டமர் தயவால ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியோட நாலு லெக்சருக்கு டிக்கெட் கிடைச்சது. கேட்டதைக் குறிச்சுக்கிட்டு வந்து, விரிவா எழுதி, படம் வரைஞ்சு, சுமார் 300 பக்கத்துக்குத் தானே பைண்டு பண்ணி டேவிக்கே அனுப்பி வெச்சாரு. 1813 மார்ச்சுல டேவியோட ஆய்வுக்கூடத்துல அசிஸ்டென்ட் வேலை! டைனமோ, டிரான்ஸ்ஃபார்மருக்கெல்லாம் அடிப்படையான மின்காந்தத் தூண்டல் பின்னாடி வந்தது. முதல்ல வந்தது நோட்ஸ்.

நம்ம பக்கம் வருவோம். 1912 மார்ச்சுல மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு கிளார்க் சேர்ந்தாரு. அவர்தான் ராமானுஜன். ஸ்கூல் பையனா கும்பகோணத்துல இருந்தப்போ அவர் கையில கிடைச்சது, கார் என்ற லண்டன் டியூஷன் வாத்தியார் எழுதின ஒரு சுருக்கப் புத்தகம். சுமார் 5,000 கணக்கு முடிவுகள். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. வேற யாராவதா இருந்தா மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. ராமானுஜன் ஒவ்வொரு வரியையும் கேள்வியா எடுத்துக்கிட்டு, தானே போட்டுப் பார்த்தாரு. சுருக்கத்தை விடையா பார்க்காம கேள்வியா பார்க்கறது... அதான் மேட்டர்!

சரி, நாம எங்கே பிராக்டீஸ் பண்றது? லேப் வேணுமே? ட்ரெய்ன் ஏறுங்க, எண்ணூருக்கு. அங்கேயிருந்து நெட்டுக்குப்பம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இருக்கற மீனவர் குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, சுத்துவட்டாரத்துல அனல்மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலைன்னு உங்க சிலபஸ்ல பாதி அங்கே உசுரோட நடமாடுது.

ஐடியா 1: ரயில் ரூட்டு மனப்பாடம்

மின்காந்த அலைகளை வரிசையா எழுதச் சொன்னா மைக்ரோவேவ் முன்னாடியா, அகச்சிவப்பு முன்னாடியான்னு குழம்புதா? எண்ணூர்லயிருந்து சென்ட்ரல் போற லோக்கல் ட்ரெய்ன்ல ஏத்தி விடுங்க. மொத்தம் ஏழு அலை, எண்ணூர்லயிருந்து கொருக்குப்பேட்டை வரைக்கும் ஏழு ஸ்டேஷன்.

எண்ணூர்: கடலுக்குப் போற படகுல புயல் செய்தி சொல்ற ரேடியோ. ரேடியோ அலை.
கத்திவாக்கம்: ஜன்னல் வழியா செல்போன் டவர். மைக்ரோ அலை.
விம்கோ நகர்: தீப்பெட்டி கம்பெனியால பேரு வாங்கின ஊர். தீக்குச்சின்னா சூடு. அகச்சிவப்பு.
திருவொற்றியூர்: கோயில் தீபம். கண்ணுக்குத் தெரியற ஒளி.
வ.உ.சி. நகர்: மொட்டை வெயில்ல பிளாட்ஃபார்ம்ல நிக்கறீங்க, தோல் கருக்குது. புறஊதா.
தண்டையார்பேட்டை: தொற்றுநோய் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே.
கொருக்குப்பேட்டை: தடதடன்னு வர்ற சரக்கு ரயில். செம பவர். காமா கதிர்.

சிட்டியை நெருங்க நெருங்க அலைநீளம் குறையும், அதிர்வெண்ணும் ஆற்றலும் கூடும். கம்பார்ட்மென்ட்ல கூட்டமும் கூடும்! தெரிஞ்ச பாதையில தெரியாத விஷயத்தை மாட்டி வைக்கற இந்த டெக்னிக் கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் காலத்துலயிருந்து இருக்கு. உங்க பஸ் ரூட்டுல செல் பிரிதலை ஏத்துங்க, உங்க தெருவுல தனிம வரிசையை நிறுத்துங்க. ஒரு எச்சரிக்கை... இது வரிசையை மட்டும்தான் காப்பாத்தும். ‘ஏன்’னு கேட்டா அடுத்த ஐடியாவுக்கு வரணும்.

ஐடியா 2: ஆயாகிட்ட சொல்லுங்க

‘வெப்ப மாசு’ பற்றி நாலு பக்கம் நோட்ஸ் இருக்கு. அதை உங்க ஆயாவுக்கோ, வலை பின்னிக்கிட்டிருக்கற அப்பாவுக்கோ ரெண்டு நிமிஷத்துல, இங்கிலீஷ் வார்த்தையே இல்லாம சொல்லிப் பாருங்க. “மின்சாரம் தயாரிக்கற இடத்துல மெஷினைக் குளிர்விக்கத் தண்ணி எடுப்பாங்க. அது சூடாகித் திரும்பி வரும். தண்ணி சூடானா அதுல கரைஞ்சிருக்கற காத்து குறைஞ்சுடும். மீனுக்கு மூச்சு முட்டும்.” அவ்வளவுதான்! அதுக்கப்புறம் நம்பரை ஏத்துங்க. 20 டிகிரி நன்னீர்ல லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில 7.5-தான்.

“ஏன் சூடானா கரையாது?”ன்னு ஆயா திருப்பிக் கேட்டா மாட்டிக்கிட்டீங்க! ஆனா, எந்த இடத்துல மாட்டினீங்களோ, அதுதான் நீங்க இன்னிக்கு ராத்திரி படிக்க வேண்டிய பக்கம். மத்த மூணு பக்கத்தையும் மறுபடி படிச்சு டைம் வேஸ்ட் பண்ண வேண்டாம்.

தமிழ் மீடியத்துலயிருந்து வந்து ஃபர்ஸ்ட் இயர்ல முழிச்சுக்கிட்டிருக்கற பார்ட்டிகளுக்கு இது டபுள் போனஸ். விஷயம் முதல்ல தமிழ்ல செட்டில் ஆகட்டும். இங்கிலீஷ் வார்த்தையை அப்புறமா சட்டை மாதிரி மாட்டிக்கலாம். புரியாம மாட்டின வார்த்தைதான் ஹால்ல கழண்டு விழும்.

ஐடியா 3: ஒரு யூனிட், ஒரே படம்

ஒரு வெள்ளைத்தாள். நோட்டு மூடியே இருக்கணும். முகத்துவாரத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வரையுங்க. மேல ஆத்துத் தண்ணி, அது லேசு. அடியில புகுந்து வர்ற கடல் தண்ணி, உப்பு இருக்கறதால கனம். ஒரு கன மீட்டருக்கு சுமார் 1,025 கிலோ. ஓரத்துல அலையாத்திச் செடி, மூச்சு விடறதுக்குச் சேத்துலயிருந்து நீட்டிக்கிட்டிருக்கற வேர். இன்னொரு ஓரத்துல நிலக்கரிச் சாம்பல். அதுல அதிகம் இருக்கறது சிலிக்காவும் அலுமினாவும்.

இப்போ தண்ணி மேல கறுப்பா ஒரு கோடு போடுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்த எண்ணெய். ஏன் மிதந்தது? அடர்த்தி குறைவு. மீனுக்கு என்ன? காத்துலயிருந்து ஆக்சிஜன் கரையறது தடைபடும். வேருக்கு என்ன? மூச்சுத் துளை அடைபடும். அடர்த்தி, உப்புத்தன்மை, கரைதிறன், சூழலியல்னு நாலு பாடம் ஒரே தாள்ல!

வரைஞ்சு முடிச்சதும் நோட்டைத் திறங்க. விட்டுப்போனதைச் சிவப்புல எழுதுங்க. அடுத்த தடவை வரையும்போது சிவப்பு குறைஞ்சிருந்தா நீங்க முன்னேறிட்டீங்க.

ஐடியா 4: கல்யாணப் பத்திரிகை, மூணு டப்பா

வீட்டுல சேர்ந்து கிடக்கற கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டா வெட்டுங்க. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மூணு டப்பா. எல்லாத் துண்டும் முதல் டப்பாவுல ஆரம்பிக்கும். அதை தினமும் பாருங்க. சரியா சொன்னா ரெண்டாவது டப்பாவுக்கு புரமோஷன், அது மூணு நாளைக்கு ஒரு தடவை. அதுலயும் சரின்னா மூணாவது, வாரத்துக்கு ஒரு தடவை. எங்கே தப்பினாலும் மறுபடி முதல் டப்பா, நோ ரெகமண்டேஷன்! 1972-ல செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் தன் புத்தகத்துல சொன்ன முறையோட சிம்பிள் வெர்ஷன் இது. தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் படிச்சு சந்தோஷப்படற வியாதிக்கு இதான் மருந்து.

ஐடியா 5: ஒரு நியூஸ், அஞ்சு கேள்வி

நாலு பேர் சேர்ந்து உட்காருங்க. ஒரு செய்தி எடுங்க. 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்துல ஒரு உரத் தொழிற்சாலையோட கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சது. மூச்சுத்திணறலும் கண் எரிச்சலுமா ஜனங்க நடுராத்திரியில வீட்டை விட்டு ஓடினாங்க, பலர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க.

இதுலயிருந்து ஆளுக்கு ஒரு கேள்வி, எல்லாரும் சேர்ந்து ஒரு கேள்வி. அம்மோனியா அமிலமா, காரமா? சிவப்பு லிட்மஸ் என்ன ஆகும்? உரத் தொழிற்சாலையில அதுக்கு என்ன வேலை? கண்ணும் தொண்டையும் முதல்ல எரியறது ஏன்? ஈரத்துணியை மூக்குல வெச்சுக்கச் சொல்றது ஏன்? கடைசி ரெண்டுக்கும் விடை ஒண்ணுதான். அம்மோனியா தண்ணியில அபாரமா கரையும். கண்ணுலயும் தொண்டையிலயும் ஈரம் இருக்கு, அங்கே கரைஞ்சு காரமாகி எரிக்குது. ஈரத்துணி இருந்தா, கொஞ்சமாவது அதுலயே கரைஞ்சு நின்னுடும்.

பார்த்தீங்களா... ரெண்டு மார்க் கேள்வின்னு நாம தள்ளிவிட்ட ஒரு வரி, அந்த ராத்திரி எவ்வளவு பெரிய விஷயம்!

மார்க்குக்கு மட்டுமா?

இன்னொரு கணக்கும் இருக்கு மச்சி. பெரிய தொழிற்சாலையோ, மின் நிலையமோ வர்றதுக்கு முன்னாடி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தறாங்களே... 2006-ம் வருஷச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, அதுக்கான அறிக்கையோட சுருக்கத்தை இங்கிலீஷ்லயும் உள்ளூர் மொழியிலயும் கொடுக்கணும். தடிமனான அறிக்கையில எதைச் சொன்னாங்க, எதை விட்டாங்கன்னு ஊர்ல எத்தனை பேரால கண்டுபிடிக்க முடியும்? கரைஞ்ச ஆக்சிஜன், சாம்பல், சூடான தண்ணின்னு எல்லாம் அதுல வரும். எல்லாமே நீங்க மஞ்சள் பூசிட்டு மறந்துபோற வார்த்தைங்கதான்.

தானே சுருக்கி எழுதிப் பழகினவங்களுக்குத்தான், அடுத்தவங்க சுருக்கத்துல எது காணாமப் போச்சுன்னு பளிச்சுனு தெரியும். நெட்டுக்குப்பத்துலயோ, ராயபுரத்துலயோ, திருவொற்றியூர்லயோ ஒரு வீட்டுல ஒரே ஒரு சயின்ஸ் ஸ்டூடன்ட் இருந்தாலும், ‘இதுக்கு என்னப்பா அர்த்தம்?’னு தெரு அவங்ககிட்டதான் வந்து கேட்கும். அப்போ ஜெராக்ஸ் நோட்ஸைத் தேடிக்கிட்டிருக்க முடியாது.

அதனால, இன்னிக்கு ராத்திரியே ஒரு பாடம். பத்து நிமிஷம். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. ஹைலைட்டரைத் தூக்கிப் பரண்ல போடுங்க.

நோட்டை மூடியாச்சா? ஸ்டார்ட் மீஜிக்!