போர்க்காலத்து அரங்கும் பழந்தமிழ்ச் சொல்லும்

நாடகம் வேறு, அரசியல் வேறு என்று எண்ணுவோர் பலர். அமைதி நிலவுங் காலத்தில் அவ்வெண்ணம் ஓரளவு பொருந்தலாம். உள்நாட்டுப் போர் மூண்ட இடத்திலோ, மக்கள் பலர் ஓரிடத்திற் கூடுவதே அரசியலாகிவிடுகின்றது. கூடியோர் முன்னிலையில் ஒருவர் வாய்திறந்து பேசுவது அதனினும் பெரிய அரசியலாகின்றது. 1983 முதல் 2009 வரை நம் நாட்டில் நிகழ்ந்த போரின்போது யாழ்ப்பாணத்து அரங்கு எவ்வாறு பேசிற்று என்பதை, ஒரு நாடகாசிரியர் தம் நாடகங்களுக்கு இட்ட பெயர்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அவர் குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025). 1978 ஆம் ஆண்டில் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்து, நாடகப் பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வகுத்தவர். அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ 1985 இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரால் மேடையேற்றப்பட்டது. பின்னர் ஊரூராகவும் சென்றது. மண்ணை நம்பி வாழும் எளிய மக்களின் பாடுகளே அதன் பொருள்.

அப்பெயரைக் கேட்ட அளவிலே நம்மவர் நெஞ்சில் எழுவது யாது? வைகை பெருகிய காலத்தில், வந்தியென்னும் முதியவளுக்குக் கூலியாளாய் வந்து, பிட்டுக்கு மண் சுமந்த பெருமானின் திருவிளையாடலன்றோ! பாண்டியன் ஓங்கிய பிரம்பு அப்பொன்மேனியிற் பட்டபோது, அவ்வடி எல்லா உயிர்கள்மீதும் பட்டது. அடிப்பித்த அரசனும் அதற்குத் தப்பினானல்லன். கோயில்களிற் புராணபடனம் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒருவர்மீது விழும் அடி எல்லார்க்கும் உரியது என்னும் அரசியலுண்மையைத் தலைப்பே நினைப்பூட்டிவிட்டது.

1990களின் முற்பகுதியில் எழுந்த ‘அன்னை இட்ட தீ’ போரினால் உள்ளத்தில் உண்டாகும் காயங்களைப் பேசிற்று. தாயின் ஈமத்தீ முன்னே நின்று பட்டினத்தடிகள் பாடிய பாடலை அத்தலைப்பு நினைவூட்டும். எரிந்த வீடுகளைக் கண்ணாற் காணலாம். உள்ளே எரியும் தீயை அரங்கே காட்டவேண்டியிருந்தது. ‘எந்தையும் தாயும்’ என்பதோ பாரதியாரின் நாட்டுப்பாடலிலிருந்து வந்த பெயர். பெற்றோர் மகிழ்ந்து வாழ்ந்த நாடென அவர் பாட, நாடகத்திற் காண்பது பிள்ளைகள் கடல்கடந்துபோகத் தனித்து எஞ்சிய பெற்றோரை.

இவ்வாறு குறிப்பாற் பேசுதல் அழகு கருதியது மாத்திரமன்று. அக்காலத்தில் வெளிப்படையான சொல்லுக்கு எத்திசையிலிருந்தும் ஆபத்து இருந்தது. ஒருபால் அரசின் அவசரகாலச் சட்டங்களும் படையினரும். மறுபால் ஆயுதந் தாங்கிய இயக்கங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றுகொண்டிருந்த கவிஞர் செல்வி 1991 இல் விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டார், மீண்டு வந்திலர். அரங்கிற் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் அந்நாளில் இருந்த விலையை இஃதொன்றே உணர்த்தும்.

இயக்கங்களும் நாடகத்தைப் பயன்படுத்தின. வீதிகளில் ஆடி இளைஞரைத் தம்பக்கம் அழைத்தன. பிரசாரத்துக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நாம் தெளிதல் வேண்டும். பிரசாரம் முடிந்த விடையைக் கையிற் கொடுத்து, அதன்வழி நடவென ஏவுகின்றது. நல்ல நாடகமோ, பார்ப்போன் தான் அறிந்த பழங்கதையைத் தன் காலத்தோடு ஒப்பிட்டுத் தானே பொருள்காணுமாறு விடுகின்றது. ஒப்பிடுவோன் சிந்திக்கின்றான், சிந்திப்போனை ஏவுதல் எவர்க்கும் எளிதன்று. அரங்கைக் கண்டு அதிகாரம் அஞ்சுவதும் இதனாலேயே.

மாணவர்களே! திருவாசகத்தையும் புராணத்தையும் பரீட்சைக்குரிய பாடமென்று மாத்திரம் கருதாதீர்கள். ஏனைய வாயில்களெல்லாம் அடைபட்ட நாளில் ஒரு சமூகம் தன் துயரை வாய்விட்டுரைக்க அச்சொற்களே துணைநின்றன. அவற்றை நாம் மறந்துவிடின், இனியொரு நெருக்கடி நேருங்கால் நாடகாசிரியர் குறிப்பாற் பேசுவார். குறிப்பறிவார் அவையில் இருக்கமாட்டார்.