அடுத்த வீட்டு ஆரவாரமும் வாடகைக் குடித்தனமும்

யாழ்ப்பாணத்து வளவிலே பிறந்து வளர்ந்தோர்க்கு அயலவருடன் மூளும் சச்சரவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வேலியே. கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டதென்றும், மாங்கொம்பு எல்லை தாண்டியதென்றும் தொடங்கும் வழக்கு பேரன் காலம் வரையில் நீதிமன்றப் படியேறுவதுண்டு. ஆயினும் அங்கே ஒரு வசதி இருந்தது. இரு வீடுகளுக்கும் இடையே முற்றமும் கிணற்றடியும் நாலு வாழைகளும் நின்றன. அயல் வீட்டார் எவ்வளவு உரத்துப் பேசினாலும் நம் திண்ணைக்கு வந்து சேர்வதற்குள் பாதி காற்றிலே கரைந்துவிடும். கொழும்பிலோ வேலி இல்லை, சுவர் உண்டு. அச்சுவரும் இரு வீட்டாருக்கும் பொதுவானது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்க்குக் காணிச் சண்டைக்குப் பதிலாக ஒலிச் சண்டை வாய்த்திருக்கிறது.

எல்லா ஒலியும் குற்றமன்று. கைக்குழந்தை அழும், நோயாளி இருமுவார். விடியற்காலை ஐந்து மணிக்குச் சம்பலுக்குத் தேங்காய் துருவும் ஓசையும், மிக்ஸியின் இரைச்சலும் நம் வீடுகளிலிருந்துதான் பெரும்பாலும் எழுகின்றன என்பதை நாம் மறக்கலாகாது. நாம் இங்கே பேசுவது, நள்ளிரவு வரை ஒலிபெருக்கியை முழங்கவிட்டு, நண்பர்களைக் கூட்டிக் குடித்துக் கும்மாளமிட்டு, கேட்கப் போனால் “என் வீட்டில் நான் எதுவும் செய்வேன்” என்று மார்தட்டுகின்ற அயலவரைப் பற்றியே.

மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுவரைத் தாண்டி வருவது பாட்டன்று, பாட்டின் அடித்தாளமே. உயர்ந்த சுருதியுள்ள ஒலியைச் சுவர் பெருமளவு தடுத்துவிடும். தாழ்ந்த சுருதியுள்ள முழக்கமோ சுவரையே அதிரச் செய்துகொண்டு உட்புகும். அதனாலேதான் பாட்டின் சொற்கள் விளங்காதபோதும் ‘தொம், தொம்’ என்னும் இடி மாத்திரம் நம் தலையணை வரையில் வந்து சேர்கிறது. டெசிபெல் என்னும் அளவும் சாதாரணக் கணக்கிற்கு அடங்குவதன்று. பத்து டெசிபெல் கூடினால் செவிக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றும். 1996ஆம் ஆண்டில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வெளிவந்த ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள், மாநகர, நகர சபை எல்லைகளுக்குள் பகலில் 63 டெசிபெல், இரவில் 50 டெசிபெல் என வரம்பு வகுத்தன. வரம்பு இருப்பது நல்லதே. ஆனால் கருவி கொண்டு அளந்து வழக்காடுதல் மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு இயலுகின்ற காரியமா?

சொந்த வீட்டுக்காரர் துணிந்து சண்டையிடலாம். வாடகைக் குடித்தனக்காரரின் நிலை வேறு. நாமறிந்த ஒரு குடும்பத்தினர், மகளின் உயர்தரப் பரீட்சைக்காகவே ஊரைவிட்டு வந்து, ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கொடுத்து ஓர் அனெக்ஸில் குடியேறினர். பக்கத்து அனெக்ஸில் ஒவ்வோர் இரவும் திருவிழாத்தான். தந்தையார் வாய் திறக்கவில்லை. முறையிட்டால் வீட்டுச் சொந்தக்காரர் “பிடிக்காவிட்டால் போகலாம்” என்பாரோ, முற்பணம் திரும்பாதோ என்ற அச்சம் ஒருபுறம். பொலிஸ் நிலைய வாசலை மிதிக்கக் கூசும் பழைய அச்சம் மறுபுறம். 2007ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பலர் பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டதைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் காரணமற்றதென்று நாம் சொல்ல மாட்டோம். மகள் காதிலே பஞ்சை அடைத்துக்கொண்டு குளியலறையில் அமர்ந்து படித்தாள். நான்கு மாதம் இப்படிச் சென்றது. பிறகு தாயார்தாம் ஒரு மாலைப் பொழுதிலே, ஆரவாரம் தொடங்கு முன்னர், ஒரு தட்டில் வடையுடன் சென்று, “பிள்ளைக்குப் பரீட்சை, பத்து மணிக்குப் பிறகு சற்றுக் குறையுங்கள், தம்பி” என்று கேட்டார். அந்த இளைஞன் வெட்கப்பட்டுப் போனான். இடையிலே சுவர் இத்தனை மெல்லியது என்பதே அவனுக்குத் தெரியாதாம்!

எல்லா அயலவரும் வடைக்கு இணங்குவரென்று நாம் எண்ணவில்லை. எனினும் முதற்பேச்சு பகலிலே, ஆத்திரம் தணிந்த வேளையிலே, நேரிலே நிகழ வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டுவதும் சுவரில் குத்துவதும் பகையை வளர்க்குமேயன்றி ஒலியைக் குறைக்கா. குடிபோதையில் இருப்பவரிடம் நியாயம் பேசப் போவது வீண் ஆபத்து.

பேச்சுப் பயன்படாவிடில் குறிப்பேடு ஒன்று தொடங்குக. எந்நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தகைய ஒலி, உடனிருந்து கேட்டோர் யாவர் என்பவற்றை அன்றன்றே எழுதுதல் வேண்டும். “எப்பொழுதும் சத்தம்” என்னும் முறைப்பாட்டுக்கு மதிப்பில்லை. பதினொரு இரவுகளின் கணக்குக்கு மதிப்புண்டு. அதன் பிரதியுடன் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதுக. வாய்மொழி போதாது.

சொந்தக்காரரின் கடமை எவ்வளவு? நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக்கு விட்டவர் குடியிருப்பவரின் அமைதியான அனுபவத்தைத் தாமே குலைத்தலாகாது. தமக்குச் சம்பந்தமில்லாத அயலார் செய்யும் தீங்கிற்கு அவர் பொதுவாகப் பொறுப்பாளியல்லர். ஆனால் இரு பகுதியும் ஒரே சொந்தக்காரருடையவையாயின் கடிவாளம் அவர் கையிலே இருக்கிறது. அயலில் வசிப்போருக்குத் தொல்லையாக நடந்துகொள்வது, ஒருவரை வெளியேற்ற வழக்கிடுவதற்கான காரணங்களுள் ஒன்றாக 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்திலேயே கூறப்பட்டது. கோபத்தில் வாடகையை நிறுத்தி வைப்பது மட்டும் வேண்டாம்; அது நம் பக்க நியாயத்தை அவர் கையில் ஒப்படைப்பதாகும்.

தொடர்மாடிகளில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்று ஒன்றுண்டு. அதன் உறுப்புரிமை வீட்டுச் சொந்தக்காரருக்கே உரியதாகையால், வாடகைக்காரர் முறைப்பாட்டை அவர் மூலமாகவே அனுப்புதல் நன்று.

இவை யாவும் கைகொடாவிடின் மத்தியஸ்த சபையை நாடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதியிலே கூடுகின்றன. சட்டத்தரணி வைத்து வாதாட இடமில்லை. இரு திறத்தாரும் தாமே பேச வேண்டும். அங்கே தீர்ப்பு விதிப்பதில்லை. இணக்கம் காணவே முயல்வர். மறுநாளும் அதே படிக்கட்டில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு இதுவே ஏற்ற வழியென்பது நம் கருத்து. அடிதடி, அச்சுறுத்தல் என்று வந்துவிட்டால் தாமதமின்றி 119ஐ அழைக்க வேண்டியதுதான். தமிழிலே முறையிடும் உரிமை நமக்குண்டு. ஆயினும் நடைமுறையிலே சிங்களம் நன்கறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது காரியத்தை எளிதாக்கும். ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி வழங்கலாகாதென்று உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் பணித்ததை அங்கே நினைவூட்டலாம்.

புதுவீடு தேடுவோர்க்கு ஒரு சொல். தரகர் வீட்டைக் காட்டுவது காலை பத்து மணிக்கு. அப்பொழுது அயலவர் வேலைக்குப் போயிருப்பர். அல்லது இரவுக் கும்மாளத்தின் களைப்பில் உறங்கிக்கொண்டிருப்பர். ஆகவே சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்த ஒழுங்கையில் ஒருமுறை நடந்து பாருங்கள். மூலைக் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்தவாறு, முன்பிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று விசாரியுங்கள். ஒப்பந்தம் எழுதும்போது, இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து வெளியேறினால் எஞ்சிய முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வாசகத்தைக் கையெழுத்திடுமுன் சேர்க்கச் சொல்லுங்கள்.