மடிக்கணினியின் வெப்பத்தையும் மின்நுகர்வையும் குறைத்தல்

மடிக்கணினியின் வெப்பத்தையும் மின்நுகர்வையும் குறைத்தல் என்பது, செயலியின் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் வேலைக்கு ஏற்ப மாற்றுதல், பயன்படாத பாகங்களை உறங்கச் செய்தல், காற்றோட்டத்தைச் சீராக்குதல் முதலிய முறைகளைக் குறிக்கும். மடிக்கணினி நுகரும் மின்னாற்றலில் திரையொளியாகவும் ஒலியாகவும் வெளியேறும் சிறு பங்கு தவிர ஏனையது வெப்பமாகவே மாறுகிறது. ஆகவே இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் அல்ல. விசிறியை வேகமாகச் சுழற்றுவது வெப்பத்தை வெளியேற்றுமே தவிர, அது உருவாவதைத் தடுக்காது.

வெப்பம் உருவாகும் விதம்

செயலியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும்போது மிகச் சிறிய மின்தேக்கிகள் மின்னேற்றம் பெற்று மின்னிறக்கம் அடைகின்றன. இதற்குச் செலவாகும் திறன் தோராயமாகப் பின்வருமாறு அமையும்:

திறன் = மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம் × அதிர்வெண்

அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதியாகும். ஆனால் வேலை முடிய இருமடங்கு நேரம் ஆகும் என்பதால் செலவாகும் மொத்த ஆற்றல் மாறாது. உண்மையான ஆதாயம் மின்னழுத்தத்தில்தான் உள்ளது. அதிர்வெண் குறையும்போது குறைந்த மின்னழுத்தத்திலும் செயலி பிழையின்றி இயங்கும். மின்னழுத்தம் வர்க்கமாக வருவதால் சேமிப்பும் பெரிதாகும்.

இதைத் தவிர, நிலைமாறாத டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் கசிவு மின்னோட்டம் பாய்கிறது. வெப்பநிலை உயர உயர இக்கசிவும் கூடும். அதாவது, சூடான செயலி அதே வேலைக்குக் கூடுதல் மின்சாரம் எடுக்கிறது.

பென்டியம் எம்: ஓர் எடுத்துக்காட்டு

மடிக்கணினிச் செயலிகளில் இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியின் பவர்நவ், டிரான்ஸ்மெட்டாவின் லாங்ரன் ஆகிய நுட்பங்கள் 2000 ஆம் ஆண்டில் அறிமுகமாயின. 2003 இல் வெளிவந்த இன்டெல் பென்டியம் எம் செயலி, மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பல படிகளில் மாற்ற வல்லது. இதன் 1.6 கிகாஹெர்ட்ஸ் வகை, முழு வேகத்தில் 1.484 வோல்ட்டிலும், 600 மெகாஹெர்ட்ஸில் 0.956 வோல்ட்டிலும் இயங்கியது. வடிவமைப்பு வெப்பத்திறன் முறையே 24.5 வாட், 6 வாட்.

மேற்கண்ட சமன்பாட்டின்படி கணக்கிட்டால் 600 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.8 வாட்தான் வரவேண்டும். கசிவு மின்னோட்டம் அதிர்வெண்ணோடு சேர்ந்து குறைவதில்லை என்பது இவ்வேறுபாட்டுக்கு ஒரு முக்கிய காரணம்.

முழு வேகத்தில் 3 நொடி எடுக்கும் வேலை ஒன்றைக் கொள்வோம். அதற்கு 73.5 ஜூல் செலவாகும். 600 மெகாஹெர்ட்ஸில் அதே வேலைக்கு 8 நொடி, 48 ஜூல். செயலியை மட்டும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். ஆனால் திரை முதலிய ஏனைய பாகங்கள் 10 வாட் நுகர்வதாகக் கொண்டால், கூடுதலான 5 நொடிகளில் அவை 50 ஜூல் எடுத்துவிடும். வேலை முடிந்தவுடன் கணினி முழுவதும் உறங்கிவிடுமாயின் விரைந்து முடிப்பதே சிக்கனம். பயனர் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கத் திரை எரிந்துகொண்டே இருக்குமாயின் மெதுவாக இயக்குவதே சிக்கனம். வேகத்தை எப்போதும் குறைத்தே வைக்க வேண்டும் என்ற பரவலான அறிவுரை இதனால்தான் அரைகுறையானது.

மின்னழுத்தத்தை மேலும் குறைத்தல்

ஒரே வகைச் செயலிகளிலும் சில்லுக்குச் சில்லு தரம் சற்று வேறுபடும். அவற்றுள் நலிந்ததும் பிழையின்றி இயங்க வேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர்கள் மின்னழுத்தத்தைச் சற்று மிகையாக வைக்கின்றனர். அம்மிகையை மென்பொருள் வழியே குறைத்தால், வேகம் குறையாமலே வெப்பம் குறையும். அளவு மீறினால் கணினி உறைந்து நிற்கும். அதனினும் தீயது, நிற்காமலேயே கணக்கீடுகள் பிழையாவது. கோப்புகள் சிதைந்தது பின்னரே தெரியவரும். எனவே சிறு சிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் கடுஞ்சுமையில் சோதிப்பதும், முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைப்பதும் இன்றியமையாதன.

இவ்வாறு வேண்டுமென்றே பிழையை உண்டாக்கி, இன்டெல் செயலிகளின் பாதுகாக்கப்பட்ட நினைவகப் பகுதியிலிருந்து மறைகுறிகளைப் பெறலாம் என 2019 டிசம்பரில் பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் நகரங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். பிளண்டர்வோல்ட் எனப்பட்ட இத்தாக்குதலுக்குப் பின் பல மடிக்கணினிகளில் இவ்வசதி பூட்டப்பட்டது.

செயலிக்கு வெளியே

சும்மா இருக்கும் செயலி ஆழ்ந்த உறக்க நிலைக்குச் செல்லும். அதை அடிக்கடி எழுப்பும் நிரல்களே மின்கலத்தின் மறைமுக எதிரிகள். 2007 இல் வெளியான லினக்ஸ் 2.6.21 கருவகம், வேலையில்லாதபோதும் செயலியைச் சீரான இடைவெளியில் எழுப்பும் வழக்கத்தைப் பெரிதும் நீக்கியது. எந்த நிரல் எத்தனை முறை எழுப்புகிறது என்பதைக் காட்டும் பவர்டாப் என்ற கருவியும் அதே ஆண்டில் வெளிவந்தது. திறந்து கிடக்கும் உலாவித் தாவல்களுக்கும் இது பொருந்தும்.

50 வாட்-மணி மின்கலம், சராசரி நுகர்வு 10 வாட் எனில் 5 மணி நேரம் தாங்கும்; திரையொளியைத் தணித்து 8 வாட்டாக்கினால் 6¼ மணி நேரம்.

வெப்பத்தகட்டில் தூசு அடைந்தால் சூடு வெளியேறாது. பல செயலிகள் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய கணினி மெதுவாகிவிட்டது என்று கருதப்படுவதற்குச் சில வேளைகளில் இதுவே காரணம். மெத்தை, தலையணை ஆகியவற்றின் மீது வைத்தால் அடிப்புறக் காற்றுத்துளைகள் மூடப்படும். மடியில் நீண்டநேரம் வைத்துப் பயன்படுத்துவோர் சிலருக்குத் தொடைத்தோலில் வலை போன்ற நிறமாற்றம் ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. சுடும் அளவுக்கு இல்லாத வெப்பமே நாட்பட இதனை உண்டாக்கும்.

லித்தியம் அயனி மின்கலம் வெப்பத்தாலும், எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் இருப்பதாலும் விரைவில் மூப்படைகிறது. எப்போதும் மின்னிணைப்பிலேயே பயன்படுத்துவோர், வசதி இருப்பின் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டளவில் நிறுத்திவைக்கலாம்.