செஸ் போர்டு வாங்கியாச்சு... அடுத்து என்ன? ஏழைப் பகுதிப் பள்ளிகள் சாம்பியன் ஆனது இப்படித்தான்!

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் கப்பலூர் டோல்கேட்டை நீங்க கட்டாயம் தாண்டியிருப்பீங்க. பக்கத்துலேயே சிட்கோ தொழிற்பேட்டை. காலையும் மாலையும் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள்னு ரோடே பரபரப்பா இருக்கும். அவர்களில் பலரோட பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாங்க.

அந்தப் பிள்ளைகளில் நாலு பேர் சேர்ந்து ஒரு செஸ் டீம் ஆகி, தனிக் கோச் வெச்சுப் பயிற்சி எடுக்கிற பெரிய ஸ்கூல் பசங்களை ஜெயிக்க முடியுமா? ''டேலன்ட் இருந்தா முடியும் பாஸ்''னு நீங்க சொல்லலாம். அது பாதி பதில்தான். மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்க, இதை ஏற்கெனவே செஞ்சு காட்டிய சில இடங்களுக்குப் போயிட்டு வரலாம், வாங்க.

ஃபீஸ் வேண்டாம், வந்து விளையாடு!

நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் பகுதியில் பி.எஸ். 116 என்று ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே படித்த தனிடோலுவா அடேவுமி என்ற சிறுவனின் குடும்பம், போகோ ஹராம் தீவிரவாதிகளுக்குப் பயந்து நைஜீரியாவை விட்டு வந்தது. தங்கியிருந்தது வீடற்றவர்களுக்கான காப்பகத்தில்.

பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுத்தாங்க. பையனுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா கிளப்பில் சேர ஃபீஸ் கட்டணும். 'எங்களால் கட்ட முடியாது, நாங்க காப்பகத்தில் இருக்கோம்' என்று அவனோட அம்மா கிளப்புக்கு எழுதினாங்க. கிளப்பை நடத்திய ரஸ்ஸல் மகோஃப்ஸ்கி, ஃபீஸ் வேண்டாம்னு சொல்லிட்டார்.

செஸ் கத்துக்கிட்டு ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகியிருக்கும். 2019 மார்ச்சில் நடந்த நியூயார்க் மாநிலப் போட்டியில் 3-ம் வகுப்பு வரையிலான பிரிவில் அந்த 8 வயதுப் பையன்தான் சாம்பியன். ஒரு ஆட்டத்தில்கூடத் தோக்கலை. காப்பகத்தில் தரையில் படுத்தபடியே மணிக்கணக்கா பயிற்சி எடுத்த பிள்ளை அவன்.

அவனோட திறமையில யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா, அந்த ஃபீஸை அன்னைக்குத் தள்ளுபடி பண்ணாம இருந்திருந்தா, அப்படி ஒரு திறமை இருக்குன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஒரு ஜீனியஸ் போதாது

தனி ஆள் சாம்பியன் ஆகிறது ஒரு கதைன்னா, டீம் ஜெயிக்கிறது வேற கதை. அமெரிக்கப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் ஒரு கணக்கு இருக்கு. ஒரு பள்ளியிலிருந்து எத்தனை பேர் வேணும்னாலும் விளையாடலாம். அதில் அதிகப் புள்ளி எடுத்த நாலு பேரின் புள்ளிகளைக் கூட்டினால் வருவதுதான் அந்தப் பள்ளியின் ஸ்கோர். முதல் ஆள் எல்லா ஆட்டத்தையும் ஜெயிச்சாலும், மூணாவது, நாலாவது ஆள் சொதப்பினா கோப்பை கையை விட்டுப் போயிடும்.

செஸ் ஒலிம்பியாடும் இதே மாதிரிதான். ஒவ்வொரு சுற்றிலும் நாலு போர்டு. 2024-ல் புடாபெஸ்ட்டில் இந்தியா ஓபன், பெண்கள்னு ரெண்டு பிரிவிலும் தங்கம் வாங்கினதுக்கு குகேஷோ பிரக்ஞானந்தாவோ மட்டும் காரணம் இல்லை. டீம்ல இருந்த எல்லோரும் புள்ளி சேர்த்தாங்க.

ஏழைப் பகுதிப் பள்ளிக்கு இந்தக் கணக்கு ஒரு வாய்ப்பு. ஊருக்கு ஒரு அதிசயக் குழந்தையைத் தேடி அலைய வேண்டியதில்லை. சுமாரா ஆடுகிற பத்துப் பிள்ளைகளை ஒண்ணா வளர்த்து, அதில் நாலு பேரை நல்லா ஆட வெச்சா போதும்.

பிலடெல்பியாவின் வடக்குப் பகுதியில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த வாக்ஸ் நடுநிலைப் பள்ளி செய்தது இதைத்தான். ஜெஃப்ரி செசின் என்ற ஆசிரியர் உருவாக்கிய அந்த டீம், 1977 முதல் 1983 வரை தொடர்ந்து 7 ஆண்டுகள் தேசியப் பட்டத்தை வாங்கியது. ஏழு வருஷத்தில் பிள்ளைகள் படிப்பு முடிச்சுப் போய்க்கிட்டே இருப்பாங்க, புதுப் பிள்ளைகள் வந்துக்கிட்டே இருப்பாங்க. ஒரே ஒரு திறமைசாலியை நம்பியிருந்தா இது நடந்திருக்குமா?

தோத்த ஆட்டத்தைத் திரும்பப் பாரு

அடுத்து, புரூக்ளினில் இருக்கிற ஐ.எஸ். 318. இதுவும் நடுநிலைப் பள்ளிதான். மாணவர்களில் பாதிக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்கள். 2012-ல் இந்தப் பள்ளி, தங்களைவிட வயதில் பெரிய பசங்க ஆடும் உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியப் பட்டத்தையே தட்டித் தூக்கியது. அதுக்கு முன்னாடி எந்த நடுநிலைப் பள்ளியும் அதைச் செஞ்சதில்லை.

அந்த டீமின் செஸ் ஆசிரியை எலிசபெத் ஸ்பீகல். அவங்க முறை ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பிள்ளைகள் தங்களோட நகர்த்தல்களை ஒரு தாளில் எழுதணும். ஆட்டம் முடிஞ்சதும் அந்தத் தாளோட டீச்சர்கிட்ட வரணும். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆட்டத்தை முதலில் இருந்து திரும்ப ஆடிப் பார்ப்பாங்க. 'இந்த இடத்தில் ஏன் குதிரையை நகர்த்தின? வேற என்ன யோசிச்ச? எவ்வளவு நேரம் யோசிச்ச?' - இப்படிக் கேள்வி வரும். 'பரவாயில்ல கண்ணு, விடு'ன்னு தட்டிக்கொடுத்து அனுப்புறதும் இல்லை, 'நீ லாயக்கு இல்லை'ன்னு திட்டுறதும் இல்லை.

தோல்வி என்பது தன்னோட தலையெழுத்து இல்லை, இருபத்திரண்டாவது நகர்த்தலில் நடந்த ஒரு தப்புதான்னு ஒரு பிள்ளைக்குப் புரியிறது பெரிய விஷயம். வீட்டில் பலவிதமான தோல்விகளைப் பார்த்து வளர்ற பிள்ளைக்கு இன்னும் பெரிய விஷயம்.

இதே பள்ளியைப் பற்றி 'புரூக்ளின் கேஸில்' என்ற ஆவணப்படம் 2012-ல் வெளியானது. அதில் டீமுக்கு வந்த பெரிய சோதனையே பணம்தான். அரசு நிதியைக் குறைத்ததும், போட்டிகளுக்குப் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப் போவது என்ற கவலை வந்துவிட்டது. தேசிய சாம்பியன்களுக்கே இந்த நிலைமை!

வயிறு நிறைஞ்சாத்தான் மூளை யோசிக்கும்

உகாண்டாவின் கம்பாலா நகரில் கட்வே என்ற குடிசைப் பகுதி. ராபர்ட் கடெண்டே என்பவர் அங்கே செஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். கூடவே ஒரு கப் கஞ்சியும் கொடுத்தார். கஞ்சிக்காக வந்த பிள்ளைகளில் ஃபியோனா முடேசியும் ஒருத்தி. 2009-ல் கட்வேயிலிருந்து போன மூணு பிள்ளைகள் ஜூபா நகரில் நடந்த சர்வதேசச் சிறுவர் போட்டியில் ஜெயித்துத் திரும்பினாங்க. 2010-ல் ஃபியோனா செஸ் ஒலிம்பியாடில் ஆடினாள். 'குயின் ஆஃப் கட்வே' படம் அவளோட கதைதான்.

கஞ்சிக்கும் செஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு மதுரைக்காரங்க கேட்க மாட்டீங்க. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியதே நம்ம மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். கடெண்டே கைக்காசு போட்டும் உதவி வாங்கியும் செய்ய வேண்டியிருந்ததை, இங்கே அரசே செய்யுது. அந்த வகையில் நாம ஒரு படி முன்னாடியே நிக்கிறோம்.

செஸ் ஆடினா மார்க் ஏறுமா?

பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நேர்மையா சொல்லணும்னா, அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் இதைச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டாங்க. ஒரு வருஷம் செஸ் வகுப்புக்குப் போன பிள்ளைகளையும் போகாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், கணக்கு மார்க்கில் வித்தியாசம் எதுவும் தெரியலை.

அதனால 'செஸ் ஆடினா கணக்குல நூறு'ன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. மார்க்குக்காக ஆரம்பிச்சா, மார்க் ஏறாதபோது போர்டு பரணுக்குப் போயிடும். பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிக்குது, நாலு ஊரைப் பார்க்குது. ஆட இது போதாதா?

நம்ம ஊர் நிலவரம் என்ன?

தமிழ்நாட்டுக்கு செஸ் புதுசு இல்லை. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், முதல் கிராண்ட்மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்த், 2024-ல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ்... எல்லோரும் இங்கிருந்து போனவங்கதான். 7 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே செஸ் என்ற திட்டத்தை 2013-லேயே அரசு அறிவித்தது. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடை ஒட்டி அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடந்தன. அந்த வருஷம் 'தம்பி' படம் இல்லாத சுவரே இல்லை.

ஆனா ஒரு நாள் போட்டி வேற, வாராவாரம் நடக்கிற வகுப்பு வேற. குகேஷ் கதையிலேயே இதைப் பார்க்கலாம். மகனோட போட்டிகளுக்குக் கூடப் போறதுக்காக டாக்டரான அப்பா தன் பிராக்டிஸையே விட்டார். செலவுக்குக் குடும்ப நண்பர்கள் கைகொடுத்தாங்க. டாக்டர் குடும்பத்துக்கே அப்படின்னா, தொழிற்பேட்டையில் ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிடும் என்ற குடும்பத்துப் பிள்ளையை யார் கூட்டிப் போறது?

நீங்க என்ன செய்யலாம்?

போன்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பிளிட்ஸ் ஆடுற ஆளா நீங்க? அப்போ இந்த வேலைக்கு நீங்களே போதும். கிராண்ட்மாஸ்டர் தேவையில்லை.

* உங்க ஊர் அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பாருங்க. முறையா அனுமதி வாங்கி, வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கேளுங்க. கேட்ட நேரத்துக்குத் தவறாமப் போங்க.

* நாலைந்து போர்டு போதும். ஒரு போர்டு சில நூறு ரூபாய்தான். பழைய மாணவர்கள் உதவ 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் இருக்கு.

* ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்க. ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதப் பழக்குங்க. தோத்த ஆட்டத்தைக் கூட உட்கார்ந்து பாருங்க.

* லிசெஸ் ஆப் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. ஒரே போனில் நாலு பேர் சேர்ந்து புதிர் போடலாம்.

* ஜெயிக்கிற பிள்ளையை மட்டும் கவனிக்காதீங்க. நாலாவது போர்டில் ஆடப்போற பிள்ளை யாருன்னு தேடுங்க. பெண் பிள்ளைகள் பாதிக்குப் பாதி இருக்கட்டும்.

* பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் செஸ்ஸும் உண்டு. அதுக்கான பஸ் காசு, மதியச் சாப்பாடு, கூடப் போக ஒரு ஆசிரியர் அல்லது பெற்றோர்... மூணையும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிடுங்க. பல பிள்ளைகளோட செஸ் நின்னுபோறது இந்த இடத்தில்தான்.

வாக்ஸ், 318, கட்வே எல்லாத்திலும் பொதுவா இருந்தது ஒரு ஆள். அடுத்த வாரமும் வந்த ஆள். முதல் போட்டியில் தோத்துட்டு வர்ற பிள்ளை, அடுத்த சனிக்கிழமை நோட்டைத் தூக்கிக்கிட்டு வரும்போது நீங்க அங்கே இருந்தா, உங்க ஊர் டீம் ஆரம்பிச்சாச்சு.