ஐந்து இலைச் சாப்பாட்டுக் காசு

என் அக்கா மகளின் கல்யாண ஆல்பம் ரிசப்ஷனில் தொடங்கி நேராகப் பந்திக்குப் போய்விடுகிறது. நடுவில் தாலி கட்டு இல்லை. கெட்டிமேளம் முழங்கியது, நாத்தனார் முடிச்சுப் போட்டது, அட்சதை விழுந்தது, என் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தது, எதுவும் இல்லை. உறவுக்காரர்கள் செல்போனில் எடுத்த நாலைந்து படங்கள் கிடைத்தன. அவற்றில் பொண்ணு மாப்பிள்ளையைவிட முன்னால் நின்றவர்களின் பின்மண்டைதான் பெரிதாகத் தெரிகிறது.

படம் எடுத்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. ரிசப்ஷன், முகூர்த்தம், 40 ஷீட் ஆல்பம் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்றான். எங்கள் ஊரில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர் அதே வேலைக்கு 55,000 சொல்லியிருந்தார். நாங்கள் பையனைத்தான் பேசினோம்.

அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் இருப்பவர் யாரைப் பார்த்தாலும் விலையைப் பற்றித்தான் கேட்கிறேன். கேண்டிட் ஒரு ரேட், ட்ரெடிஷனல் ஒரு ரேட், ட்ரோன் தனி, அவுட்டோர் ஷூட் தனி, எல்.இ.டி. வால் தனி என்று ஆளுக்கொரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 18,000 ரூபாய்க் கணக்கை மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போட்டுக் காட்டினார்கள்.

இரண்டு கேமரா பாடி, மூன்று லென்ஸ், ஃப்ளாஷ், லைட், பேட்டரி என்று முறையாக வைத்துக்கொண்டால் ஆறு லட்சத்தைத் தொடும். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையைத் திறக்க வேலை இருக்காது. வருடத்துக்கு 30 கல்யாணம் கிடைத்தாலே நல்ல வருடம். நான்கு வருடத்தில் கேமரா பழசாகிவிடும் என்றால், 120 கல்யாணத்தில் அந்த ஆறு லட்சம் திரும்பி வர வேண்டும். ஆக, ஒரு கல்யாணத்தில் 5,000 ரூபாய் கேமராவுக்கே போகிறது. கூட வரும் ஆளுக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்து 4,000. ஆல்பம் பிரிண்டிங், பைண்டிங் 7,000. டிசைன் செய்பவருக்கு 2,000. பெட்ரோல், டீ, சாப்பாடு 1,000. கூட்டினால் 19,000.

பையன் பேசியதோ 18,000. கையிலிருந்து ஆயிரம் போட்டு, இரண்டு நாள் கால்கடுக்க நின்று, பத்து நாள் எடிட்டிங்கில் கண் விழிக்கிறான். அவனுக்குச் சோறு போடுவது அவன் அம்மா. கேமராவுக்கு மாதத் தவணை கட்டுவது அவன் அப்பா. முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த அப்பா எழுதும் மொய்தான் நாம் சந்தோஷமாகப் பேசி முடிக்கும் குறைந்த ரேட். மொய் எழுதுகிறோம் என்று அவருக்கும் தெரியாது, வாங்கிக்கொள்கிறோம் என்று நமக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து பையன் கேமராவை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போவான். அவன் இடத்துக்கு 16,000 ரூபாய்க்கு இன்னொரு பையன் வருவான். பழைய ஸ்டூடியோக்காரரும் அந்த ரேட்டுக்குப் பக்கத்தில் இறங்கி வந்தாக வேண்டும்.

குறைத்துப் பேசாவிட்டால் முதல் கல்யாணத்தை யார் தருவார்கள் என்று புதிதாக வருபவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சங்கமாகக் கூடி எல்லாரும் ஒரே ரேட் வைக்கலாமே என்றால், விற்பவர்கள் கூடி விலை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ரேட் குறையத்தான் செய்யும். அப்படிக் குறையும்போது எது முதலில் வெட்டுப்படுகிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

ஆல்பத்தில் கை வைக்க முடியாது, வீட்டார் ஷீட்டை எண்ணிப் பார்ப்பார்கள். ட்ரோன் பறக்காவிட்டால் மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்பார்கள். யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றைத்தான் வெட்ட முடியும். அது எடுத்த படங்களின் இரண்டாவது காப்பி.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 25 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்யாணத்தில் 4,000 கிளிக் விழுந்தால் அதுவே 100 ஜிபி. 4கே வீடியோ, நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால், மணிக்கு 45 ஜிபி தின்னும். ஆறு மணி நேரத்துக்கு 270. எல்லாம் சேர்ந்து 400 ஜிபியை நெருங்குகிறது ஒரே ஒரு கல்யாணம். 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பத்துக் கல்யாணம்தான் அடங்கும். டிஸ்க் பத்தாயிரம் என்றால், இரண்டாவது காப்பிக்கு ஆகும் செலவு கல்யாணத்துக்கு ஆயிரம் ரூபாய். இலை 200 ரூபாய் என்று வைத்தால் ஐந்து பேர் சாப்பாட்டுக் காசு.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை. ரோலுக்கு 36 படம்தான், எண்ணி எண்ணித்தான் எடுப்பார்கள். ஆனால் கழுவி பிரிண்ட் போட்ட பிறகு நெகட்டிவ் ஸ்டூடியோவில் இருக்கும், படம் நம் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். தனியாக யாரும் மெனக்கெடாமலே இரண்டு இடங்களில் இரண்டு பிரதி. வீட்டு ஆல்பத்தைக் கரையான் அரித்தாலும் பில் நம்பரைச் சொல்லி மறுபடி பிரிண்ட் வாங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இன்று 4,000 படமும் தபால் தலை அளவு கார்டு ஒன்றில் இருக்கிறது. நல்ல கேமராவில் இரண்டு கார்டு போடலாம், ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலும் ஒரு கார்டுக்குத்தான் இடம்.

எங்கள் பையனிடம் இருந்ததும் அப்படிப்பட்ட கேமராதான். கார்டுகள் மூன்று. மூன்றையும் அன்றிரவே லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறான். மறுநாள் வேறு ஊரில் முகூர்த்தம். கார்டு வேண்டுமே என்று, தாலி கட்டு இருந்த கார்டை அழித்து அதில் அந்தக் கல்யாணத்தை எடுத்துவிட்டான். நான்காம் நாள் லேப்டாப்பின் டிஸ்க் போனது. அழிக்காமல் வைத்திருந்த இரண்டு கார்டுகளில்தான் ரிசப்ஷனும் பந்தியும் பிழைத்தன. டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுத்தும் பயனில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். கூடவே அவன் அப்பா. அதுவரை வாங்கியிருந்த 10,000 ரூபாயைக் கவரில் போட்டு அவர்தான் நீட்டினார். அக்கா திட்டுவதற்கென்று என்னென்னவோ வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும், "உள்ளே வாங்கண்ணே, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும்தான் சொன்னாள். கவரையும் வாங்கிக்கொள்ளவில்லை. அதே பட்டுப்புடவை, அதே மாலையோடு கோயிலில் வைத்து மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று பையன் கெஞ்சினான். அக்கா மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு. அந்தப் படங்கள் உங்களுடையவை. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேளுங்கள்: தம்பி, கேமராவில் ரெண்டு கார்டு போடுவீங்களா? அன்னிக்கு ராத்திரியே எத்தனை டிஸ்க்கில் ஏத்துவீங்க? ஒன்றுதான் என்றால் பேரத்தை நிறுத்திவிட்டு, ரேட்டுக்கு மேலே ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். அல்லது நீங்களே ஒரு டிஸ்க் வாங்கி, மண்டபத்தைக் காலி செய்யும் முன் எல்லாக் கார்டையும் அதில் ஏற்றி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.